மூச்சுக்கும் ஒரு வாத்தியார் உண்டு!

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஒருவருக்கு இதய ஆபரேஷன் என்றால், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர், அல்லது 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் சென்னை. நல்லபடியாகத் திரும்பி வந்தால் "டாக்டர் காப்பாற்றிட்டார்" என்று ஊர் பேசும். உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் பெயரே வராத ஒருவர் உண்டு. அவர்தான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், அதாவது சுவாச சிகிச்சையாளர்.

இதயத்துக்குத்தானே ஆபரேஷன், மூச்சுக்கு எதற்குத் தனி ஆள்? காரணம் இருக்கிறது. 1953-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார். இன்றும் பல இதய ஆபரேஷன்களில் இதயத்தை நிறுத்தி வைத்து, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இயந்திரம்தான் பார்க்கிறது. அந்த நேரத்தில் நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். பிறகு கண் விழித்தால் பிளந்து கட்டிய நெஞ்செலும்பு வலிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி மேலாகவே மூச்சு விடுவார், இருமமாட்டார். சளி தேங்கும். அடுத்தது நிமோனியா!

இதைத் தடுப்பதுதான் இவர் வேலை. வென்டிலேட்டரின் உதவியைப் படிப்படியாகக் குறைப்பது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது, டியூபை எப்போது எடுக்கலாம் என்று டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்வது. சீக்கிரம் எடுத்தால் மறுபடி போட வேண்டி வரலாம். தாமதித்தால் கிருமி தொற்றலாம்.

அப்புறம் அந்த மூன்று பந்துக் கருவி. 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும்! தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் ஒரு சிக்கல் புரியும். நடந்த செலவுக்குப் பில் உண்டு. வராமல் போன நிமோனியாவை எந்தப் பேரேட்டில் எழுதுவது? லாபம் கணக்கில் தெரியாததால் இந்த வேலைக்குத் தனி ஆள் வைக்காமலே பல இடங்களில் ஓட்டுகிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நர்ஸ் தலையில் இதுவும் விழுகிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டம் இந்தத் தொழிலையும் பட்டியலில் சேர்த்தது. நாற்காலிதான் இன்னும் எல்லா இடத்திலும் போடப்படவில்லை.

நகரத்தில் இருப்பவர் மூச்சு முட்டினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மலைக்காரருக்கு அது முடியாது. அவர் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பாடம் முடிந்திருக்க வேண்டும், கூட இருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் யாருக்காவது இதய ஆபரேஷன் என்றால், தேதி கேட்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: "மூச்சுப் பயிற்சி யார் சொல்லித் தருவாங்க?"