பாலை கண்ட ஆசிரியர்

பத்து பாகாட் மழையூர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மண். சிம்பாங் கானான், சிம்பாங் கீரி என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஓராறாகி மலாக்கா நீரிணையில் கலக்கும் அந்நிலத்தில், நீர் மிகுந்து அல்லற்பட்ட கதைகள் உண்டு. நீர் வற்றி ஊர் துறந்த கதை கேட்டறியாத ஒன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புகுந்த வெள்ளம் வடிவதற்கு வாரக்கணக்காயிற்று. இத்தகைய ஊரில், தகரக் கூரைமேல் மழை கொட்டும் ஓசையை மீறிக் குரலெழுப்பிப் பாலைத்திணை நடத்துவது எத்துணை இடர்ப்பாடு என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர்.

அவ்வூரில் முப்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். வேனில், நண்பகல், பிரிவு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார். “ஐயா, பாலை என்றால் சகாராவைப் போன்றதா?” என்று ஆண்டுக்கு ஒரு மாணவனாவது கேட்பான். “ஏறக்குறைய அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவார். வேறு என்ன சொல்வது? சன்னலுக்கு வெளியே வாழையிலைகள் நனைந்துகொண்டிருக்கும்.

அவருடைய மகள் அடிலெய்டு நகருக்குப் படிக்கச் சென்றாள், படிப்பு முடிந்து அங்கேயே மருத்துவமனையொன்றில் செவிலியானாள், திரும்பவில்லை. 2019 மார்ச்சில் ஆசிரியர் அவளைக் காணப் புறப்பட்டார். ஊர் பார்க்கப் போவதாகவே அண்டை வீட்டாரிடம் சொன்னார். திரும்பி வந்துவிடம்மா என்று ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த செய்தி.

தென் ஆஸ்திரேலிய மாநிலம் 9,84,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. மலேசியாவைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. மக்களோ ஜொகூர் மக்களில் பாதிக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகரான அடிலெய்டில் வாழ்கின்றனர். அந்நகரைத் திட்டமிட்ட வில்லியம் லைட் 1786இல் பிறந்த இடம் கோலக் கெடா என்று அறிந்தபோது ஆசிரியருக்கு வியப்பு தாளவில்லை. பினாங்கில் கால்பதித்த பிரான்சிசு லைட்டின் மகன் அவர். 1837இல் நகரை அளந்து, நேர்த்தெருக்கள் வகுத்து, சுற்றிலும் பூங்காக்களை மாலையாகச் சூட்டியவர், 1839இல் காசநோயால் மாண்டு, தாம் அளந்த சதுக்கமொன்றிலேயே அடக்கமானார். மலாய் மண்ணில் பிறந்த பிள்ளை வேற்று நாட்டில் ஊர் சமைத்து அங்கேயே தங்கிவிட்டது. மகள் இதைச் சொல்லும்போது சிரித்தாள். ஆசிரியர் சிரிக்கவில்லை.

அது கலைவிழாக் காலம். 1960இல் தொடங்கிய அடிலெய்டுக் கலைவிழாவின் ஓர் அங்கம் எழுத்தாளர் வாரம். மரநிழலில் நாற்காலி போட்டு எழுத்தாளர் பேச, பொதுமக்கள் கட்டணமின்றி அமர்ந்து கேட்கின்றனர். வேலைநாளின் முற்பகலில் அத்தனை பேர் நூலைப் பற்றிய பேச்சுக்காகக் கூடுவதைக் கண்டு ஆசிரியர் சற்றே பொறாமை கொண்டார். தமிழ் நூல் வெளியீடுகளில் முன்வரிசையை நிரப்பவே ஆளனுப்ப வேண்டியிருப்பதை அறிந்தவர்க்கு அப்பொறாமை இயல்பே.

ஆயினும் அவரை அதைவிட நெடுநேரம் நிறுத்தியது நகர நடுவே கண்ட ஒரு பெயர்ப்பலகை. விக்டோரியா சதுக்கம் என்பதோடு தார்ந்தான்யாங்கா என்றும் அதில் எழுதியிருந்தது. அது அச்சமவெளியின் தொல்குடியாகிய கௌர்னா மக்களின் மொழி. டைகல்மன், ஷூர்மன் என்னும் செருமானியப் பாதிரிமார் இருவர் 1839இல் அம்மக்களின் பிள்ளைகளுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே பள்ளி நடத்தினர். 1840இல் அம்மொழிக்கு இலக்கணமும் சொற்றொகுதியும் அச்சிட்டனர். 1845இல் பள்ளி மூடப்பட்டு, ஆங்கிலப் பள்ளி வந்தது. மொழி நாவில் வற்றியது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அச்சான அந்நூலையே பற்றுக்கோடாகக் கொண்டு கௌர்னா மக்கள் தம் மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினர். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைவதை எண்ணியெண்ணிப் பார்த்தவர் அப்பலகையின் முன் எதை நினைத்திருப்பார் என்று விளக்க வேண்டுவதில்லை.

வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் பரோசாப் பள்ளத்தாக்கு. 1842இல் சைலீசியாவிலிருந்து வந்த லூதரன் குடிகள் திருத்திய மண். வேரைத் தின்னும் ஃபைலாக்சரா என்னும் சிறுபூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த காலத்தும், கடுங்காவலால் அம்மாநிலம் தப்பியது; ஆதலின் 1840களில் நட்ட கொடிகள் சில இன்னும் காய்க்கின்றன. 1980களின் நடுவில் மதுவுக்கு விலையில்லை என்று அரசே பணம் கொடுத்துப் பழங்கொடிகள் பலவற்றைப் பிடுங்கச் செய்ததாம். இரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதைக் கண்ட தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் புதுமையில்லை. புதுமை வேறொன்றில் இருந்தது. அங்கே மது, ஓர் ஊரின் பெருமை. தாத்தன் நட்ட கொடியைப் பேரன் காட்டுகிறான். ஆசிரியர் பிறந்த தோட்டத்திலோ கள்ளுக்கடை என்பது மாதச் சம்பளம் வீடு சேராமல் கரைந்த இடம். குடித்தவனைப் பழித்த நாடு, கடை திறந்து கொடுத்தவனைப் பழிக்கவில்லை. நீட்டிய கிண்ணத்தைக் கைகூப்பி மறுத்துவிட்டு, ஒரு கொத்துப் பழம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

கிளெனெல்கு கடற்கரையில் கதிரவன் கடலுக்குள் இறங்கியதைப் பார்த்தனர். மின்னூதாப் பறவைகளோ அலையேறும் இளைஞரோ அவர் கண்ணில் படவில்லை. மின்யாக் பெக்குவிலும் கதிரவன் கடலில்தான் விழும். சேறு மட்டுமே வேறுபாடு. நெய்தலுக்குப் பொழுது எற்பாடு என்பதை அவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பாலையே புதிது. வடக்கே செல்லச் செல்லக் கோதுமை அரிதாள் நிலம் மெலிந்து, ஒரோரூ என்னும் சிற்றூரை ஒட்டி ஒரு கோடு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு. 1865இல், பெருவறட்சியின்போது, தலைமை நில அளவையர் ஜார்ஜ் காய்டர் குதிரையேறிச் சென்று, எதுவரை மழையை நம்பி உழலாம் என்று குறித்த எல்லை அது. அவர் கருவி கொண்டு அளக்கவில்லை. உவர்ப்புதர் தொடங்கும் இடத்தைக் கண்டு சொன்னார். 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. உழுத இடத்துக்கு மழை தானே வரும் என்றனர். எல்லை தாண்டிக் குடியேறினர். ஊர்களுக்குப் பெயரும் வைத்தனர். 1880களின் தொடக்கத்தில் வானம் பொய்த்தது. எஞ்சியவை கூரையில்லாக் கற்சுவர்கள்.

அவ்வெல்லைக்கும் வடக்கே, ஹாக்கர் செல்லும் வழியில் உள்ள கன்யாகா மேய்ச்சல் பண்ணையின் இடிபாட்டிடையே நண்பகலில் நின்றபோது, ஆசிரியர் பல்லாண்டு கற்பித்தது முதன்முறையாக அவருக்கே விளங்கிற்று. தொல்காப்பியர் நிலம் வகுத்தது நான்குக்கே. பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பார் இளங்கோவடிகள். சகாரா அன்று, நேற்று ஆடு மேய்ந்த இடம். அந்தப் பண்ணையை நிறுவிய இளைஞன் ஹியூ புரோபி 1852இல் மாண்டது வெயிலாலும் அன்று. திடீரெனப் பெருகிய ஓடை அடித்துச் சென்றது. மழையையும் முற்றத் துறவாத நிலம் அது. அட்ன்யாமத்தான்ஹா மக்களுக்கோ அம்மலைத்தொடர் தொன்றுதொட்டு வீடு. வந்து, நட்டு, நம்பி, பிரிந்து போனவர்க்கே அது பாலை.

பாலைப் பாட்டில் மகளைத் தேடிச் சுரம் புகுபவள் செவிலி. இங்கே மகளே செவிலி. தேடி வந்தவர் தந்தை. தந்தைக்கோ அகப்பாட்டில் பேச்சில்லை. அவன் உள்ளத்தைக் குறிப்பால் உணர வேண்டும் என்பது மரபு.

“என்னப்பா யோசிக்கிறீர்கள்?” என்று மகள் கேட்டாள். கேட்க வந்த கேள்வி நாவில் இருந்தது. அவர் சுவரின் நிழலில் தள்ளி நின்று, “இங்கே மழை எப்போது பெய்யும்?” என்றார்.

“குளிர்காலத்தில் கொஞ்சம். பெய்தால் செப்டம்பரில் இதெல்லாம் பூக்குமாம்.”

“அப்படியானால் செப்டம்பரில் அம்மாவை அழைத்து வருகிறேன்” என்றார் ஆசிரியர்.