கண்ணாடித் துண்டுகள்

பெரியப்பாவின் துவிச்சக்கரவண்டியை லொறி மோதிய இரவில் வீதியில் எவருமிலர். மோதிய கணம் அவர் நினைவிலும் இல்லை. கிழவர் குறுக்கே திரும்பினார் என்ற சாரதியின் கூற்றே எஞ்சியது.

கலைப்பீட மாணவனாகிய நான் சட்டநூல்களைப் புரட்டியது அதன் பின்னரே. 1863இல் தீர்க்கப்பட்ட ஆங்கில வழக்கொன்றில், களஞ்சியத்து மேல்மாடியிலிருந்து மாப்பீப்பா ஒன்று வழிப்போக்கர் மீது விழுந்தது. விழுந்த விதத்துக்குச் சான்றில்லை. எனினும் கவனயீனமின்றிப் பீப்பா விழாது என மன்று கொண்டது. ஓடும் வாகனங்கள் இரண்டு மோதுகையில் இவ்விதி எளிதிற் கைகொடாது. தவறு எவர் பக்கமும் இருக்கலாமன்றோ? அங்கே பேசவேண்டியவை பிறேக் தடமும், நெளிந்த சில்லும், உடைந்த கண்ணாடி கிடந்த இடமுமே. அவற்றிலிருந்து இயல்பாக நிகழ்ந்திருக்கக்கூடியதை ஊகிக்க, நமது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு மன்றுக்கு இடமளிக்கிறது. குடியியல் வழக்கில் ஐயமற நிறுவவேண்டியதுமில்லை. நிகழ்தகவு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாற் போதும்.

அதிகாலையில், வெறுங்காலுடன் கோயிலுக்குச் செல்வோரை எண்ணி, அக்கண்ணாடித் துண்டுகளை ஒன்றும் விடாது பொறுக்கியவன் நானே. அவை பெரியப்பா சென்ற பக்கத்து ஓரத்திலேயே கிடந்தன. பொலிசார் வந்தபோது வீதி துப்புரவாயிருந்தது. துண்டுகள் பால்மாப் பேணியொன்றில் இன்னும் எங்கள் வீட்டிலுள்ளன. அவை கிடந்த இடத்துக்கு இனி என் வாய்ச்சொல்லே சான்று. நான் பெறாமகன் என்பதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதற் கேள்வியிலேயே கேட்டுவிட்டார்.