காட்ஸில்லாவின் தோலில் என்ன இருக்கிறது?

டைனோசர் என்றாலே முதலை மாதிரி செதில்தானே ஞாபகம் வரும்? 1954-ல் ஜப்பானின் டோஹோ ஸ்டுடியோவில் காட்ஸில்லாவை உருவாக்கியவர்களும் முதலில் செதில் வைத்துத்தான் பார்த்தார்கள். உடம்புக்கு டைரனோசரஸும் இகுவானோடானும், முதுகுக்கு ஸ்டெகோசரஸின் தகடுகள். எல்லாம் படப் புத்தகத்தில் இருப்பதுதான். தோல் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் உடம்பில் தடித்துப்போன தீத்தழும்புகள். அதே மேடும் பள்ளமும்.

அந்த ஆண்டு மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் வந்தது. அந்தத் தோல் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

ரப்பர் உடுப்புக்குள் நின்று நடித்தவர் ஹருவோ நகாஜிமா. அதன் எடை கிட்டத்தட்ட 100 கிலோ. மெதுவாகத்தான் நடக்க முடியும், பாவம். அந்தக் கனத்த நடையே பயத்தைக் கூட்டியது.

1998-ல் ஹாலிவுட் காட்ஸில்லாவை வேகமாக ஓடும் ராட்சத ஓணானாக மாற்றியது. ஓட்டம் பிரமாதம். தழும்பைத்தான் காணோம்! 2004-ல் டோஹோ தன் படமொன்றில் இரண்டையும் மோதவிட்டது. ஓணான் சில நொடிகளில் காலி.