கேட்காமல் கொடுத்த மாத்திரை

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஊராரின் நோய்கள் தெரியும்; அவர்களுடைய கவலைகளும் ஓரளவு தெரியும். தூத்துக்குடியில் 35 ஆண்டுகள் அவ்வாறு நின்றவன் நான். நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களுக்கு எழுந்து வந்து மருந்து கொடுத்திருக்கிறேன். கையில் காசில்லாதவர்களுக்குக் கணக்கில் எழுதிக் கொடுத்துப் பின்னர் அக்கணக்கைக் கிழித்தும் போட்டிருக்கிறேன். அந்த மனநிறைவின் நடுவே ஒரு முள்ளும் தைத்துக் கிடக்கிறது. இத்தனை ஆண்டுகள் அதை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பது சரியன்று என்று இப்போது தோன்றுகிறது.

2008-ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருந்த ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வயது 26. பள்ளி ஆசிரியை. சிறு வயது முதல் என்னை 'மாமா' என்றே அழைத்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அத்தை காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, "பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள், கல்யாணத்துக்குள் இளைத்துவிட்டால் நன்றாக இருக்கும்" என்றாராம். சிரித்துக்கொண்டு சொன்ன சொல்தான். ஆனால் அந்தச் சொல் அவளை விடவில்லை.

ஓர் இரவு கடை அடைக்கும் நேரத்தில் வந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, "மாமா, இது இருக்கிறதா?" என்று கேட்டாள். 'சிபுட்ராமின் 10 மி.கி.' என்று எழுதியிருந்தது. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அது. இவளிடம் மருத்துவர் சீட்டு இல்லை. சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்து அது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் எடுத்துக் கொடுத்தேன். 'நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவாள்' என்று என் மனம் சமாதானம் சொன்னது. ஒரு முறை மட்டுமன்று. இரண்டு மாதங்களில் ஆறு அட்டைகள் கொடுத்தேன்.

எடை குறைந்தது. அவள் தாயார் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். "பசியே எடுப்பதில்லை மாமா" என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "வாய் உலர்ந்து போகிறது. இரவில் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "அது கல்யாணப் படபடப்பு அம்மா" என்றேன். இன்றும் என்னைக் குத்துவது அந்தச் சிரிப்புத்தான். அவள் உண்மையைச் சொன்னாள். நான் அதைக் கேலியாக்கித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கோவிலில் இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று, பூசை முடியுமுன் அவள் மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140; இரத்த அழுத்தம் 180/110. "என்ன மருந்து சாப்பிட்டாள்?" என்று மருத்துவர் கேட்டார். தாயாருக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற நான் முன்னே வந்து சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது இரத்த அழுத்தம் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் கடையின் கண்ணாடிப் பெட்டியிலேயே விற்பனைக்கு இருந்தது.

மாத்திரையை நிறுத்திய பிறகு படபடப்பு அடங்கியது. ஆனால் இரத்த அழுத்தம் முழுவதும் இறங்கவில்லை. அவளுக்கு முன்பிருந்தே அது கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அத்தகையவருக்குக் கொடுக்கவே கூடாத மருந்தை இரண்டு மாதங்கள் நான் என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நிமிடச் சோதனை அதைச் சொல்லியிருக்கும்.

அதன் பிறகுதான், அதுவரை விற்ற மருந்தை நான் படிக்கத் தொடங்கினேன். நாய் துரத்தும்போது யாருக்கும் பசிப்பதில்லை. அந்த நேரத்தில் உடலில் நார்-அட்ரினலின் பெருகுகிறது. இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, வயிற்றின் நினைவு மறந்துபோகிறது. இளைப்பதற்காக விற்கப்பட்ட ஊக்க மருந்துகளில் பலவும் இந்த வழியையே பயன்படுத்தின. அவை நாள் முழுவதும் உடலுக்குள் ஒரு நாயை அவிழ்த்து விடுகின்றன. பசி ஓடிப்போவது நமக்குத் தெரிகிறது. இதயமும் ஓடுவதை நாம் பார்ப்பதில்லை.

இந்தக் கதை பழையது. 1930-களில் ஆம்பிட்டமின் வந்தது. பசியைக் குறைக்கும் என்று பல ஆண்டுகள் அதை எழுதிக் கொடுத்தார்கள். பலர் அதற்கு அடிமையானார்கள். 1965-இல் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அமினோரெக்ஸ் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிப் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். 1968-இல் அது திரும்பப் பெறப்பட்டது. பின்னர் எஃபீட்ரா என்ற மூலிகைச் சாறு வந்தது. 'இயற்கையானது' என்ற பெயரே அதற்கு நற்சான்றாக இருந்தது. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் சரிந்து மறுநாள் இறந்தார். அவர் உட்கொண்ட எஃபீட்ராவுக்கும் அந்த இறப்பில் பங்குண்டு என்று பிணப் பரிசோதனை செய்தவர் கூறினார். 2004-இல் அமெரிக்க அரசு எஃபீட்ரா கலந்த துணை உணவுகளைத் தடை செய்தது.

நான் விற்ற சிபுட்ராமின், முதலில் மனச்சோர்வுக்கான மருந்தாக ஆராயப்பட்டது. 1997-இல் எடை குறைக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர், 55 வயதைக் கடந்த, இதயநோயோ சர்க்கரை நோயோ உடைய ஏறத்தாழ 10,000 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாற்றால் மரணம் போன்றவை, வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 சதவீதத்தினருக்கும் இந்த மாத்திரை உண்டவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. அந்த ஆபத்துக்கு ஈடாகக் கிடைத்த கூடுதல் எடைக் குறைவு உடல் எடையில் 2.5 சதவீதமே. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 2 கிலோ! 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அம்மருந்து விலக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை செய்தது. எஞ்சியிருந்த அட்டைகளை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பிய அன்று, அந்தப் பெண்ணின் முகம்தான் என் கண்முன் நின்றது.

தடையோடு அது முடிந்துவிடவில்லை. 'முழுக்க மூலிகை' என்று விளம்பரப்படுத்தப்பட்ட இளைக்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சிபுட்ராமின் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பெயர் எழுதிய அட்டையிலாவது என்ன இருக்கிறது என்று தெரியும்; பெயர் மறைத்த பொட்டலத்தில் அதுவும் தெரியாது. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இதனுடன் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். உண்பவருக்குத் தாம் எதனுடன் எதைச் சேர்க்கிறோம் என்பதே தெரியாமற் போகிறது.

அந்தப் பெண்ணின் திருமணம் ஒரு மாதம் தள்ளி நடந்தது. மருத்துவமனைக்கு வந்த மாப்பிள்ளை, "இவள் இளைக்க வேண்டும் என்று நான் கேட்டேனா?" என்று தன் வீட்டாரைப் பார்த்துக் கேட்டது எனக்குத் தெரியும். ஓராண்டுக்குள் பழைய எடை திரும்பிவிட்டது. உண்ணும் முறையையோ உழைக்கும் முறையையோ மாத்திரை அவளுக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை. பசியை மறைத்து மட்டுமே வைத்திருந்தது. இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மருத்துவரின் கண்காணிப்பில் இரத்த அழுத்த மாத்திரை உண்கிறாள். மாலையில் கடற்கரையில் நடக்கிறாள். என்னை இன்னும் 'மாமா' என்றே அழைக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை தாழ்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பின், கடையை என் மகனிடம் ஒப்படைத்த நாள்வரை ஒரு வழக்கத்தைக் கைவிடவில்லை. இளைக்க மருந்து கேட்டு யார் வந்தாலும் உட்காரச் சொல்லி இரத்த அழுத்தம் பார்ப்பேன். வேறு என்ன மருந்து உண்கிறீர்கள் என்று கேட்பேன். யார் உங்களை இளைக்கச் சொன்னது என்றும் கேட்பேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு உடனே பதில் வரும். மூன்றாவது கேள்விக்குப் பலர் கண் கலங்கியிருக்கிறார்கள். பிறகு சீட்டோடு வாருங்கள் என்று மருத்துவரிடம் அனுப்பிவைப்பேன். அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. அது அவர்களுடைய முடிவு. என் கையால் கொடுக்கவில்லை.

உடல் பருமன் நோய்களுக்கு வழிவிடும் என்பது உண்மை. அதைக் குறைக்க முயல்வது நல்லதே. மருத்துவர் சோதித்துத் தரும் மருந்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் திருமணத் தேதியையும் பிறர் பார்வையையும் அளவுகோலாக வைத்துத் தேடும் குறுக்குவழி இதயத்தின்மேல் வாங்கும் கடன். அந்தக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் நாம்தான்: 'பூசினாற்போல்' என்று சொல்லும் உறவினர், 'இளைத்துவிட்டாயே' என்று புகழும் தாய், கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரன். நம் வீட்டுப் பிள்ளை "நெஞ்சு படபடக்கிறது" என்று சொன்னால், சிரிக்காமல் கேட்போம். அன்று நான் அவ்வாறு கேட்கவில்லை.