மேட்டு மண்ணை விற்கலாமா? வைப்பாற்றங்கரையில் கிடைத்த பதில்!

சிவகாசி வட்டாரத்தில் வெம்பக்கோட்டை என்றதும் பலருக்கும் அணைதான் நினைவுக்கு வரும். அந்த அணை பாசனத்துக்கும் உதவுகிறது, சிவகாசி நகரத்தின் குடிதண்ணீருக்கும் உதவுகிறது. அந்த ஊர் நாடெங்கும் பேசப்பட்டது 2022-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகுதான். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில் இருக்கும் விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது அப்போதுதான்.

நாரணாபுரத்தைச் சேர்ந்த மானாவாரி விவசாயி ஒருவர், இத்தனை வருஷமாக அந்த மேட்டைப் போய்ப் பார்த்ததில்லை. நாலு ஏக்கரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். வீட்டில் மனைவி பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு வேலையும் காட்டு வேலையும் காத்துக் கிடக்கும். கிளப்பிவிட்டது விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன்தான். புதுச்சேரியில் பெண் எடுத்து, அந்த உறவில் பாரிஸ் போய் ஓட்டலில் வேலை பார்க்கிறவர். இருவரும் பைக்கில் கிளம்பினார்கள்.

பேரில் கோட்டை, கண்ணுக்கு மேடு

மேட்டைச் சுற்றிப் பார்த்த மருமகன் சலித்துக்கொண்டார். “என்ன மாமா, கோட்டைன்னு பேரு வச்சிருக்காக, ஒரு கொத்தளத்தக் கூடக் காணோம்.”

அணைக்கரையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் தோர்தோன் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் செங்குத்தான பாறையை ஒட்டி லா ரோக் காஜாக் என்றொரு சின்னக் கிராமம். சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆற்றுக்கு இந்தக் கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் காஸ்தெல்னோ கோட்டை. 1337 முதல் 1453 வரை பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நடத்திய நூறாண்டுப் போரில் இந்த ஆறுதான் எல்லை. இன்றைக்கு அங்கே கோட்டைகளையும் கிராமங்களையும் இணைத்து நடைபாதைகள் இருக்கின்றன. நடந்து போகிறவர்கள் வழியில் வால்நட் தோப்புகளைக் கடக்கிறார்கள். அந்த வட்டார வால்நட்டுக்கு, நம்மூர் புவிசார் குறியீடு மாதிரி, 2002-லேயே சட்டப் பாதுகாப்புப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மரமும் சரக்கும் ஏற்றிய தட்டைப் படகுகளின் சாயலில் இப்போது சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன.

“அங்க எல்லாம் கல்லு. நம்ம கரிசச் சீமையில கல்லுக்கு எங்க போறது? மண்ணுல கட்டுனா மண்ணாத்தான மருமகனே போகும்?” என்றார் மாமா.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தென்சீமைப் பாளையங்களின் கோட்டைகள் பல மண்ணால் கட்டியவை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் மண் கோட்டைதான். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் அதைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். கரிசல் மண்ணும் கூடிச் செய்யும் ஆட்களும் இருந்ததால் அது முடிந்தது. அந்தப் போர் முடிந்ததும் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க கும்பினி அரசு உத்தரவு போட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்தார்கள் என்று இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

மண்ணுக்குள் கிடந்த ஊர்

வெம்பக்கோட்டை மேடு அதையெல்லாம்விடப் பழைய கதை. முதல் கட்ட அகழாய்வில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. அடுத்தடுத்து 2023-லும் 2024-லும் தோண்டினார்கள். சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், விளையாட்டுக்கான ஆட்டக்காய்கள், எடைக்கற்கள், தங்க அணிகலன் என்று வந்துகொண்டே இருந்தன. அடியில் இன்னும் பழைய, கல்லால் செய்த சின்னஞ்சிறு கருவிகளும் இருந்தன.

சங்கு வளையல்தான் மாமாவுக்கு ஆச்சரியம். கடல் எங்கே, இந்த ஊர் எங்கே? மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு, சாத்தூர் வழியாகப் போய் தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அந்தக் கடல் சங்குக்குப் பேர்போனது. நூல் நூற்கும் தக்களியும் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்திலேயே இங்கே நூல் நூற்றிருக்கிறார்கள் என்றதும், பருத்திக்காரருக்கு ஒரு சந்தோஷம்.

டிராக்டர்காரர் கொடுத்த அட்வான்ஸ்

மாமாவின் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அவருடைய காட்டிலும் கால் ஏக்கர் அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கரிசல். அங்கே மட்டும் மண் சாம்பல் நிறம். உழும்போதெல்லாம் பானை ஓடு கொழுவில் தட்டும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. “சுடுகாட்டுப் பானையா இருக்கும்” என்று வரப்பில் எறிந்துவிடுவார். அந்த மேட்டைச் சமப்படுத்தி, மண்ணை லோடு கணக்கில் விற்க ஒரு டிராக்டர்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். பழைய மேட்டு மண் உரத்துக்கு ஆகும் என்று கேட்டு வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

உரத்துக்கு ஆகும் என்பது உண்மைதான். தலைமுறை தலைமுறையாக மக்கள் இருந்து, சமைத்து, மாடு கட்டிய இடத்து மண்ணில் சாம்பலும் எலும்பும் சாணமும் கலந்திருக்கும். எகிப்தில் 19-ம் நூற்றாண்டில் நைல் கரை உழவர்கள் இப்படியே பழைய ஊர் மேடுகளை வெட்டி வயலில் போட்டார்கள். அதில் பல மேடுகள் சுவடில்லாமல் போயின. காஸ்தெல்னோவிலும் இதே கதைதான். பாழடைந்து கிடந்த கோட்டையின் கற்களை 19-ம் நூற்றாண்டில் பெயர்த்து எடுத்து வேறு கட்டுமானங்களுக்குப் பயன்படுத்தினார்கள். 1966-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து, பழுது பார்த்து, 1985-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். கல் என்பதால் திரும்ப அடுக்க முடிந்தது. மண் மேட்டை அப்படி அடுக்க முடியாது. எந்த ஓடு எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஜேசிபி ஒருமுறை அள்ளிவிட்டால் அந்தக் கணக்கு போனது போனதுதான்.

“சொல்லிட்டா நெலத்தப் பிடுங்கிக்கிருவாகளோ?” என்று மாமா கேட்டார். பலருக்கும் இருக்கும் பயம் இது. கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில்தான் அகழாய்வு நடந்தது. நிலத்துக்காரர்களின் சம்மதத்தோடு தோண்டி, ஆவணப்படுத்தி, பல குழிகளை மூடினார்கள்.

ஊர் திரும்பியதும் அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் சண்டை. “ஓட்டாஞ்சில்லுக்காக வந்த காச வேணாம்னு சொல்வாகளா?” என்பது மனைவியின் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பணத்தை விதைப்புச் செலவுக்கு என்று எண்ணி வைத்திருந்தார்கள். இந்தப் பருவம் கால் ஏக்கரைத் தரிசாக விட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். யாராவது வந்து பார்க்கும்வரை அங்கே ஏர் இறங்காது என்கிறார்.

உங்கள் நிலத்தில் பழம்பொருள் தென்பட்டால்...

• கறுப்பு சிவப்புப் பானை ஓடு, பெரிய அளவுச் செங்கல், அறுத்த சங்குத் துண்டு, பாசிமணி, முதுமக்கள் தாழியின் விளிம்பு ஆகியவை பழைய குடியிருப்புக்கோ ஈமக்காட்டுக்கோ அடையாளமாக இருக்கலாம். கறுப்பு சிவப்புப் பானையைப் பெரும்பாலும் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும்.

• அந்த இடத்தில் உழவை நிறுத்துங்கள். பொருளைப் பெயர்த்து எடுக்காமல், கிடக்கிற நிலையில் போட்டோ எடுத்து, சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.

• கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அருங்காட்சியகத்திலும் தொல்லியல் துறையிலும் சொல்லலாம்.

• 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உள்ள உரிமை பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது.