புல் வெட்டும் நேரத்தில் லோடர் எதற்கு?

பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார்: "சார், மினி டிராக்டர்ல முன்னாடி லோடர் மாட்டியிருக்கேன். மாந்தோப்புல ஸ்லாஷர் போட்டுப் புல் வெட்டணும். லோடரைக் கழற்றணுமா, அப்படியே ஓட்டலாமா?"

அரை மணி நேர வேலை என்றால் அப்படியே ஓட்டுங்கள். இரண்டு, மூன்று நாள் வேலை என்றால் கழற்றிவிடுவதே என் கட்சி. லோடரும் பக்கெட்டும் பல மாடல்களில் 200 கிலோவைத் தாண்டும். அவ்வளவு பாரமும் முன் அச்சில்தான் இறங்கும். மழைக்குப் பிந்தைய ஈர மண்ணில் முன்சக்கரம் பதிந்து தடம் விழும். மரத்துக்கு மரம் வளைக்கும்போது பக்கெட் அடிமரத்தில் இடித்துப் பட்டையை உரிக்கும். சொட்டுநீர்க் குழாயும் தப்பாது.

ஆனால் பின்னால் ஸ்லாஷரைத் தூக்கும்போது அந்த லோடர்தான் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. அது போனதும் முன்சக்கரம் லேசாகிவிடும், வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் பிடிக்காது. கம்பெனி சொல்லும் முன் எடைக்கட்டிகளை மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்லாஷரைத் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள்.

கழற்றுவதற்கு இடம் முக்கியம். சிமென்ட் தளமோ, இறுகிய சமதளமோ வேண்டும். தென்னை மட்டையை அடியில் கொடுத்து நிறுத்தினேன் என்றார் ஒருவர். மட்டை நசுங்கினால் அவ்வளவு கனமும் ஆள் மேல்தான் சாயும். பக்கெட்டைத் தரையில் படியவைத்து, தாங்குகால்களை இறக்கி, பின்களை எடுங்கள். லோடர் தன் காலில் நின்றதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, லோடர் லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹோஸ்களைக் கழற்ற வேண்டும். எது எங்கே என்று கலர் டேப் சுற்றிவையுங்கள். பிறகு டிராக்டரை மெதுவாகப் பின்னால் எடுக்கலாம். மாடலுக்கு மாடல் முறை மாறும், கையேட்டைப் பாருங்கள். உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் போல்ட் போட்டுப் பொருத்திய லோடரா? தனியாளாகத் தொடவே வேண்டாம். செயின் பிளாக்கும் மெக்கானிக்கும் இல்லாமல் அந்த வேலை ஆகாது.

கசிவு இருக்கிறதா என்று ஹோஸை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கிவிடும். முதலில் பெரிதாக வலிக்காது. தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். அட்டையைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நான் குடியிருப்பது காத்திவாக்கம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, உப்புக்காற்று மட்டும் மாறவில்லை. வீட்டு கேட்டுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு வந்துவிடுகிறது. பழவேற்காடு வரை கரையோர ஊர்களில் இதே கதைதான். அதனால் கழற்றிய லோடரில் சிலிண்டர் ராடு வெளியே பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தால் கிரீஸ் தடவி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ராடில் துருப்புள்ளி விழுந்தால் அது சீலைக் கிழிக்கும், எண்ணெய் ஒழுகும். ஹோஸ் முனைகளுக்கு மூடி போடுங்கள். வெயிலில் கிடந்தால் உள்ளே எண்ணெய் விரிந்து, திரும்ப மாட்டும்போது கப்ளிங் ஏறாது, நிழலில் வையுங்கள்.

அந்தத் தம்பியிடம் கடைசியாக இன்னொன்றும் சொன்னேன். நிறுத்திவைத்த லோடர் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் மாதிரி தெரியும். சுற்றிக் கயிறு கட்டிவிட்டுத் தோப்புக்குப் போங்கள். ஸ்லாஷர் ஓடும்போது கல் தெறிக்கும், பக்கத்தில் யாரையும் விடாதீர்கள்.