தலைநகரில் சில நாட்கள் - 7: நிற்கும் ஊர்வலம்

திங்கட்கிழமை சாணக்கியபுரி வரை போய், பூட்டிய கேட்டைத் தரிசித்துவிட்டுத் திரும்பிய கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை என்பது, கரோல் பாகில் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கும் மாமாவுக்கே தெரியவில்லை. "உள்ளூர்க்காரன் எவன்டா மியூசியத்துக்குப் போவான்?" என்றார். அதுவும் சரிதான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கிளம்பினோம். ஜனவரிக் குளிர். மாமா குரங்குக் குல்லாவுக்குள் ஒளிந்திருந்தார். கரோல் பாக் ஸ்டேஷனில் நீலப் பாதை மெட்ரோ ஏறி, ராஜௌரி கார்டனில் இறங்கி, இளஞ்சிவப்புப் பாதைக்கு மாறி, மோதி பாக். அங்கிருந்து ஆட்டோ. வண்டி மாறும்போது மாமா என் தோளைத் தட்டி, "இப்ப வந்தது அகலப் பாதை, இனிமே ஏறப்போறது ஸ்டாண்டர்ட் கேஜ். ஒரே மெட்ரோதான், தண்டவாளம் வேற வேற" என்றார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரில்லை. பல்லாவரத்தில் வளர்ந்தவர், அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்துக்கு 1971-ல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் வி.வி.கிரி. திறந்தது 1977 பிப்ரவரி 1. உள்ளே போனால் நீராவி எஞ்சின்களைச் சுற்றித்தான் கூட்டம். பாட்டியாலா மோனோரயிலின் முன்னால் செல்ஃபிக்கு வரிசையே நின்றது. ஒற்றைத் தண்டவாளத்தில் சின்னச் சக்கரங்கள், பக்கத்துத் தரையில் உருள ஒரு பெரிய இரும்புச் சக்கரம்; விநோதமான வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வந்தது மின்சார எஞ்சின்களைப் பார்க்க. அவை நிற்கும் பக்கம் ஈ காக்கை இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் ரயில்வே மியூசியத்தில், ஜூலை 4 சுதந்திர தினத்தையொட்டிப் பழைய டிராம்களையும் மின்ரயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் விடுவார்கள். நம் ஊரில் ஊர்வலம் தலைகீழ். வண்டிகள் நிற்கும், நாம்தான் ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும்.

முதலில் 'சர் லெஸ்லி வில்சன்'. 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியபோது பம்பாய் கவர்னராக இருந்தவர் பெயர். நடுவில் ஓட்டுநர் அறைப் பெட்டி, முன்னும் பின்னும் தாழ்ந்த நீண்ட மூக்கு. இந்த வகைக்கு ஸ்விட்சர்லாந்தில் முதலை என்று பேர். பம்பாய்க்காரர்களுக்கு இது 'கேக்டா', நண்டு. என் ஓட்டு நண்டுக்கு. மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றாமல், நீராவி எஞ்சின் மாதிரியே பக்கவாட்டுத் தண்டுகளால் தள்ளுகிறது. அந்தத் தண்டுகள் முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிற தோரணையைப் பார்த்தால் பக்கவாட்டில் நகர்ந்துவிடுமோ என்று தோன்றும். போர் காட் மலைப்பாதையில் சரக்கு இழுத்த உடம்பு. அடுத்தது 'சர் ரோஜர் லம்லி', இன்னொரு கவர்னர். 1930-ல் ஓடத் தொடங்கிய டெக்கான் குயினை இழுத்த ஜாதி.

இவற்றை ஏன் ஓட்டிக் காட்டுவதில்லை என்று நின்று யோசித்தேன். நீராவிக் கிழவனுக்கு நிலக்கரியும் தண்ணீரும் கொடுத்தால் போதும், தன் சாப்பாட்டைத் தானே சுமந்துகொண்டு நடப்பான். மின்சார எஞ்சின் ஊரார் வீட்டுச் சாப்பாட்டை நம்பிப் பிறந்தது. அதுவும் இவை பிறந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு. நாடு 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறிவிட்டது. கடைசியாக மும்பை ஹார்பர் பாதையிலும் 2016 ஏப்ரலில் பழைய மின்சாரத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள். எஞ்சினைப் பழுது பார்த்து மெருகேற்றினாலும், அதற்குச் சோறு போட இந்திய ரயில்வேயில் ஒரு கம்பி கிடையாது.

திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். குட்டியாக ஒரு மீட்டர் கேஜ் மின் எஞ்சின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். ஒய்.சி.ஜி. 1. தென்னிந்திய ரயில்வே 1931-ல் சென்னை கடற்கரை - தாம்பரம் பாதைக்கு மின்சாரம் கொண்டுவந்தபோது வாங்கியது. தலைக்கு மேல் கம்பி இல்லாத சைடிங்குகளுக்குள் போக வேண்டுமென்றால் பேட்டரி வண்டி ஒன்றைக் கூடவே கோத்துக்கொள்ளும். ஆக, கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பத் தெரிந்த மின் எஞ்சினும் ஒன்று இருந்திருக்கிறது, அதுவும் நம் ஊரில்.

மாமா குனிந்து, தண்டவாளங்களுக்கு நடுவே குதிகாலையும் நுனியையும் ஒட்ட வைத்து ஷூவால் அளந்தார். மூன்றரை. "மீட்டர் கேஜுக்கு மூன்றரை. காலைல வந்த அகலப் பாதைன்னா ஆறு வரும்" என்றார்.

"இதுல போயிருக்கீங்களா மாமா?"

"இதுல எப்படிடா போறது? ஜனங்க போற யூனிட் வண்டி வேற. இது கூட்ஸ் இழுக்கிறது. பல்லாவரம் கேட்டைப் போட்டுட்டா, இது எப்ப வாலை இழுத்துண்டு போகும்னு சைக்கிளைப் பிடிச்சுண்டு நிப்பேன். காலேஜுக்கு எத்தனை நாள் லேட். எத்தனை திட்டியிருப்பேன்."

2004-ல் அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் மின்ரயிலே நின்றுபோனது. அப்போது அவர் டெல்லியில் இருந்தார். எஞ்சினின் மூக்கில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் இன்னொரு நிறம் தெரிந்தது. மாமா நகத்தால் ஒரு செதிலை நெம்பப் போனார். காவலாளி விசில் ஊதினார். கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அஜ்மல் கான் ரோடு கூட்டத்தில் முண்டியடித்து வீடு திரும்பினோம். மாமி காபியை நீட்டி, "அப்படி என்னத்தப் பார்த்தேள்?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்ல நிக்க வெச்சவனை" என்றார் மாமா, குல்லாவைக் கழற்றிக்கொண்டே.

(அடுத்த வாரம்: ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர்)